பிளெயின்ஸ் போய் வந்த வசந்தாவுக்கு

காரைக்குடி
14.8.2025

அன்புள்ள வசந்தா,

நான் நலம். நீ, கவிதா, மாப்பிள்ளை, குட்டிப் பயல் எல்லாரும் நலம்தானே? நீ தாளில் எழுதி, கவிதா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து முடித்தேன். கரும்பலகையில் எழுதும்போது போலவே உன் வரிகள் இன்னமும் வலப்பக்கம் மேலேறிக்கொண்டுதான் போகின்றன.

முதலில் ஊர்ச் செய்தி. உன் மாடியில் குடியிருப்பவர் வாடகையைக் கொடுத்துவிட்டார், பேங்கில் போட்டாயிற்று. மோட்டார் மறுபடி மக்கர் பண்ணியது. காயில் எரிந்துபோய், புதிதாகக் கட்டி மாட்டியிருக்கிறார்கள். என் முழங்காலுக்கு ஆபரேஷன்தான் ஒரே வழி என்கிறார் டாக்டர்; தீபாவளி கழியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம் டிரில் மாஸ்டருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். விசில் ஊதி எழுப்பாமல் இருந்தால் சரி.

இனி உன் பிளெயின்ஸ் விவகாரத்துக்கு வருகிறேன். அட்லாண்டாவிலிருந்து அவ்வளவு தூரம் காரில் போய், முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிறந்த, ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். பல்லைக் காட்டிச் சிரிக்கும் 13 அடி நிலக்கடலை பொம்மைக்குப் பக்கத்தில் நீயும் அதே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கும் படம் பிரமாதம். வழியில் வாங்கித் தின்ற அவித்த கடலை புதுக்கோட்டைக் கடலை மாதிரியே இருந்தது என்றாயே, அதைப் படித்ததும் இங்கே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

ஆனால் கடைசிப் பக்கத்தில், “கார்ட்டர் நல்ல மனுஷர், ஆளத்தான் தெரியாதவர், தோற்ற பிறகுதான் உருப்படியாக ஏதோ செய்தார்” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துகிற வேகம்! நான் மறுகூட்டல் கேட்கிறேன்.

அவர் அதிபராக இருந்த அந்த நாலு வருஷம் (1977–81) மோசமாகத் தெரிந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் பங்குகளில் வரிசை, 1980-ல் 13 சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கம், ஈரானின் டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக 52 அமெரிக்கர்கள். 444 நாள் கழித்து, தேர்தலில் கார்ட்டரைத் தோற்கடித்த ரீகன் பதவியேற்ற சில நிமிஷத்தில்தான் அவர்களை விட்டார்கள். அவர்களை மீட்பதற்காகத் தன் பதவியின் கடைசி இரவில் கண்மூடாமல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் பணவீக்கத்தை அடக்கியது யார்? 1979-ல் பால் வோல்க்கரை மத்திய வங்கித் தலைவராகப் போட்டவர் கார்ட்டர்தான். வோல்க்கர் வட்டியை ஏற்று ஏற்று என்று ஏற்றினார். வலி கார்ட்டருக்கு, பலன் ரீகனுக்கு. 1978 செப்டம்பரில் எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் கேம்ப் டேவிட்டில் 13 நாள் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்தபோதெல்லாம் இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்கும் தானே தாளோடு நடந்தாரே, அந்த ஒப்பந்தம் அடுத்த வருஷம் சமாதான உடன்படிக்கை ஆனது. அதன் பிறகு அந்த இரண்டு நாடும் போருக்குப் போகவில்லை. ஆளத் தெரியாதவர் செய்கிற வேலையா இது?

அதற்காக மாலை போட்டுக் கும்பிடச் சொல்லவில்லை. 1977 டிசம்பர் 31 இரவு டெஹ்ரானில் ஈரான் மன்னர் ஷா கொடுத்த விருந்தில், கொந்தளிப்பான பகுதியில் ஈரான் ஒரு நிலையான தீவு என்று புகழ்ந்தார். 1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டே ஓடினார். மனித உரிமை பற்றி அவருக்கு முன்னிருந்த எந்த அதிபரும் பேசாத அளவுக்குப் பேசினார். அதே நேரத்தில் கிழக்குத் திமோரை ஆக்கிரமித்திருந்த இந்தோனேசியாவுக்கு அமெரிக்க ஆயுதம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாலோ நோபல் வாங்கியதாலோ இந்தக் கணக்கு நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. உன் வரியில் எனக்குப் பிடிக்காததே இதுதான்: முன்பாதி தோல்வி, பின்பாதி புண்ணியம் என்று ஒரு வாழ்க்கையைப் பாகப்பிரிவினை செய்கிறாய்.

அந்த டெஹ்ரான் விருந்து முடிந்து அவர் நேராக வந்தது டெல்லிக்குத்தான், தெரியுமா? 1978 ஜனவரி 1. அணுசக்தி விஷயத்தில் மொரார்ஜி தேசாய் பிடி கொடுக்கவில்லை. திரும்பிப் போனதும் தேசாய்க்கு இளக்கமில்லாமல் கறாராக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸிடம் கார்ட்டர் முணுமுணுத்தது, அணைக்காமல் விட்ட மைக்கில் விழுந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜனவரி 3 அன்று மனைவி ரோசலினோடு ஹரியானாவில் ஒரு கிராமத்துக்குப் போனார். அந்த ஊர் அன்றிலிருந்து கார்ட்டர்புரி. 2002-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அங்கேயும் கொண்டாட்டம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் அம்மா லில்லியன் கதை. நர்ஸ் வேலை பார்த்தவர். கணவர் போய்ப் பல வருஷம் கழித்து, 68 வயதில், ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பில் மனுப்போட்டு 1966-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய்க்குப் பக்கம் விக்ரோலியில் தங்கி, குடும்பக் கட்டுப்பாடு வேலையில் தொடங்கி, ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளைத் தொட்டு மருந்து போடுவது வரைக்கும் போனார். 70 வயது அங்கேதான் நிறைந்தது. நாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

கார்ட்டர் ஒழிக்கப் பாடுபட்ட நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் அப்பத்தா காலில் கணுவுக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. பரமக்குடிப் பக்கத்துப் படிக்கேணித் தண்ணீர் கொடுத்த சீதனம் என்பாள். கேணியில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு குடத்தை மொண்டு, அதே தண்ணீரைக் குடித்த காலம். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. பூச்சிக்குள் புழுவின் குஞ்சு. குடித்த ஒரு வருஷத்துக்குள் புழு உடம்புக்குள் இரண்டு மூன்றடி நீளத்துக்கு வளர்ந்து, கொப்புளத்தை உடைத்துக்கொண்டு காலில் தலையை நீட்டும். இழுத்தால் அறுந்துபோய் உள்ளேயே சீழ் பிடிக்கும். ஆகவே ஒரு குச்சியில் தினம் ஒரு விரற்கடை என்று சுற்றிச் சுற்றி எடுப்பார்கள், வாரக்கணக்கில். எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் காலை வைத்தால் போச்சு, புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். கேணி மறுபடி கெட்டது. இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. இருக்கிற ஒரே வைத்தியம் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதும், புழு உள்ளவரைக் குளத்தில் இறங்க விடாததும்.

இப்படிப்பட்ட நோயைத்தான் கார்ட்டர் கார்ட்டர் மையம் என்ற தன் தொண்டு அமைப்பின் வேலையாக 1986-ல் எடுத்துக்கொண்டார். அப்போது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு அது வந்துகொண்டிருந்தது. 2024-ல் உலகம் முழுக்க 15 பேர். இந்தியாவில் அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ல் சான்றிதழ் கொடுத்தது. நம் நாட்டு வேலையைச் செய்தது பெரும்பாலும் நம் சுகாதார ஊழியர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவில் கார்ட்டர் செய்தது வேறு யாராலும் முடிந்திருக்காது. 1995-ல் சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வடிகட்டித் துணி கொடுக்க ஊர் ஊராகப் போக வேண்டும், சண்டையை நிறுத்துங்கள் என்று இரண்டு தரப்பையும் கேட்டார். நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட ஆறு மாதம்.

ஏன் நிறுத்தினார்கள், வசந்தா? கேட்டவர் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் என்பதால்தானே. கடலை வியாபாரி ஜிம்மி கேட்டிருந்தால் போனையாவது எடுத்திருப்பார்களா? ‘தோற்ற பிறகு செய்த நல்லது’ என்று நீ தனியாக எடுத்து வைக்கிற எல்லாம் அந்த நாலு வருஷத்து முதலிலிருந்து வந்த வட்டி. 2015-ல் மூளை வரை புற்றுநோய் பரவியிருப்பதாகத் தெரிந்தபோது, எனக்கு முன்னால் கடைசி நரம்புச் சிலந்தி சாக வேண்டும் என்றார். அது நடக்கவில்லை. 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயது கடந்து அவர் போனபோது, ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களின் உடம்பில்கூட அந்தப் புழு மிச்சம் இருந்தது.

இன்னொன்று, நமக்கென்றே சொல்கிறேன். 1977-ல் பதவியேற்றபோது அவர் பேச்சில் எடுத்துச் சொன்னது எந்தத் தலைவரையும் இல்லை, நீ போய்ப் பார்த்த அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜூலியா கோல்மனை. மாறும் காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டும், மாறாத கொள்கையை விட்டுவிடக் கூடாது என்று அந்தம்மா சொல்வாராம். நோபல் மேடையிலும் மறக்காமல் அதே டீச்சர் பேரைச் சொன்னார். நாமும் முப்பது வருஷத்துக்கு மேல் கத்தியிருக்கிறோம், எவனாவது எந்த மேடையிலாவது சொல்வான் என்று காத்திருப்போம்!

தோற்றபின் வாழ்ந்தவர்களில் என் ஓட்டு கார்ட்டருக்குக்கூட இல்லை, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு. 1828 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்றவர். அதிபராக இருந்தவர் மறுபடி சாதாரண உறுப்பினராகப் போய் உட்காருவதா என்று கூச்சப்படாமல், 1830-ல் பிரதிநிதிகள் சபைக்கு நின்று ஜெயித்து, சாகும் வரை 17 வருஷம் அங்கேயே இருந்தார். அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வரும் மனுக்களைப் படிக்காமலே மூட்டை கட்டி வைப்பது என்று 1836-ல் தென் மாநிலத்துக்காரர்கள் விதி போட்டார்கள். இவர் விடாமல் மனுவை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தார். அவற்றில் நிறைய, பெண்கள் கையெழுத்திட்டவை. பெண்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்டவனுக்கு நாள்கணக்கில் பதில் சொன்னார். கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து பார்த்தார்கள், நிறைவேறவில்லை. 1844-ல் அந்த விதி ஒழிந்தது. இடையில் 1841-ல், 73 வயதில், அமிஸ்டாட் என்ற அடிமைக் கப்பலில் கலகம் செய்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தார். 1848 பிப்ரவரியில், மெக்சிகோ போரில் சண்டையிட்ட தளபதிகளைப் பாராட்டும் தீர்மானத்துக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு இருக்கையிலேயே சரிந்தார்; இரண்டாம் நாள் அதே கட்டடத்தில் உயிர் போனது. அந்தச் சபையில் அப்போது ஆபிரகாம் லிங்கன் என்று ஒரு புது உறுப்பினர் இருந்தார்.

கார்ட்டருக்கு அவர் பெயர் கதவைத் திறந்துவிட்டது. ஆடம்ஸுக்கு அந்தப் பெயரால் வசவுதான் கூடியது. அதனால்தான் இவருக்கு என் ஓட்டு. முன்னாள் அதிபர் என்றாலே பெருமை என்று எண்ணிவிடாதே, ஜான் டைலர் என்று ஒருவர் இருந்தார். உள்நாட்டுப் போர் வந்ததும் பிரிந்துபோன தென் மாநிலங்களின் சபைக்கே தேர்வானார். 1862-ல் செத்தபோது வாஷிங்டன் அவருக்கு அரசு மரியாதை எதுவும் செய்யவில்லை. 1790-ல் பிறந்த அந்த மனிதரின் பேரன் இந்த வருஷம் மே மாதம்தான் காலமானார் என்று படித்தேன். மகன் இல்லை, பேரன்! கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துவிட்டேன்.

கார்ட்டரின் இறுதிச் சடங்கை நீ டிவியில் பார்த்தாயா? 1976-ல் அவரிடம் தோற்றவர் ஜெரால்டு ஃபோர்டு. சதாத் கொலையானபோது, 1981 அக்டோபரில், இறுதிச் சடங்குக்கு முன்னாள் அதிபர்கள் மூன்று பேரை ஒரே விமானத்தில் ஏற்றிவிட்டார் ரீகன். திரும்பி வருகிற நீண்ட வழியில் இந்த இரண்டு பேரும் பேச ஆரம்பித்து நண்பர்களாகிவிட்டார்கள். யார் முந்திப் போனாலும் மற்றவர் இரங்கலுரை சொல்ல வேண்டும் என்று பேச்சு. ஃபோர்டு 2006-ல் போனார், கார்ட்டர் போய்ப் பேசினார். ஆனால் ஃபோர்டு தன் பங்கையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். இந்த ஜனவரி 9 அன்று அவருடைய மகன் ஸ்டீவன் தேவாலயத்தில் நின்று, செத்துப் பதினெட்டு வருஷமான அப்பாவின் வார்த்தைகளில் அதை வாசித்தார். நாமும் அப்படி எழுதி வைத்துக்கொள்ளலாமா? என்ன, உன்னைப் பற்றி நான் எழுதினால் நீ உயிரோடு இருக்கும்போதே சண்டைக்கு வந்துவிடுவாய்.

அக்டோபரில் கவிதா உன்னை வாஷிங்டன் கூட்டிப்போகப் போகிறாள் என்றாய். நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலைகள் வைத்திருக்கும் கூடம்தான் பழைய பிரதிநிதிகள் சபை. தரையில் ஆடம்ஸ் மேசை இருந்த இடத்துக்குப் வெண்கலத்தில் அடையாளம் பதித்திருக்கிறார்கள். கூட்டத்தோடு தலையை நிமிர்த்திச் சிலையையே பார்த்துக்கொண்டு போய்விடாதே, குனிந்து தேடு. படம் எடுத்து அனுப்பு.

மின்வாரிய பில் இந்த முறை கொஞ்சம் கூடுதல், மாடிக்காரரிடம் பங்கு கேட்டிருக்கிறேன். வரும்போது எனக்கு எதுவும் வாங்கி வராதே, அந்த முட்டிக்குப் போடும் பெல்ட் மட்டும் நல்லதாகக் கிடைத்தால் ஒன்று போதும். பேரனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
மீனாட்சி