குளம் உறைந்த பிறகு துப்பாக்கி எதற்கு?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த வாத்து வேட்டைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குளிர் ஏற ஏற வேட்டையும் ஏறும் என்பதுதான் அதன் சாரம். இருபது ஆண்டுகளாக நாணல் மறைவில் விடியலுக்குக் காத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் பறவைக்கும் கேடு, மனிதனுக்கும் கேடு. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், எல்லா வாத்தும் குளிருக்கு ஒரே மாதிரி கட்டுப்படுவதில்லை. வட அமெரிக்காவின் நீலச்சிறகுக் கிளுவை என்ற சிறு வாத்து பகல் சுருங்குவதை உணர்ந்தே கிளம்பிவிடும். ஆகஸ்ட் கடைசியில், நாம் இன்னும் மெல்லிய சட்டையோடு திரியும்போதே, அது தெற்கு நோக்கிப் பறக்கத் தொடங்கியிருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் செப்டம்பரில் கிளுவைக்கென்று தனி வேட்டைப் பருவம் வைத்திருப்பது அதனால்தான். மல்லார்ட் வாத்தின் போக்கு வேறு. தின்னத் தானியமும் உறையாத நீரும் இருக்கும்வரை அது இடத்தை விட்டு அசையாது. உறைபனி நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அறுத்த சோள வயலில் சிந்திக் கிடக்கும் மணிகளைப் பனி மூட வேண்டும். அதன் பிறகே புறப்படும். ஒரே ஓர் இரவின் குளிரைப் பார்த்து மறுநாள் கூட்டம் வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பத்து நாள் ஒரே அளவாகக் குளிர் நின்றால் வேட்டை மந்தமாகத்தான் இருக்கும். எந்தச் சதுப்பில் துப்பாக்கி இருக்கிறது, எது பறவையை ஈர்க்க நாம் மிதக்கவிடும் போலி வாத்து என்பதை அங்கே தங்கிவிட்ட பறவைகள் அதற்குள் கற்றுக்கொண்டிருக்கும். புதுக் கூட்டத்தைக் கொண்டுவருவது வானிலை திரும்பும் அந்த நேரம். மழை ஓய்ந்து, காற்று வாடைக்குத் திரும்பி, அழுத்தமானியின் முள் ஏறி, வானம் வெளுத்தால் அன்று இரவு அவை காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிளம்பும். 1995 நவம்பர் தொடக்கத்தில் மிசௌரி ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் இப்படிக் கிளம்பிய கூட்டம் ஒமாஹா, கான்சாஸ் சிட்டி விமான நிலையங்களின் ரேடார் திரைகளையே நிரப்பிவிட்டது. அந்த நாளுக்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறோம்.

ஆனால் அதே நாள்தான் ஆளையும் கொல்கிறது. கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. 1940 நவம்பர் 11 காலையில் அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி, அந்தப் பருவத்துக்கு வழக்கமில்லாத வெதுவெதுப்போடு விடிந்தது. விடுமுறை நாள். வேட்டைக்காரர்கள் மெல்லிய மேலங்கியோடு படகேறி ஆற்றுத் திட்டுகளுக்குப் போனார்கள். பிறகு புயல் வந்தது. அதற்கு முன்னால் பறந்து வந்தன வாத்துகள், அதுவரை யாரும் பார்த்திராத எண்ணிக்கையில். பலர் திரும்பாமல் அங்கேயே நின்றதற்குக் காரணம் அந்தப் பறவைகள்தான். சற்று நேரத்தில் திரும்ப நினைத்தாலும் முடியாதபடி அலை எழுந்தது, பனி கொட்டியது, நனைந்த உடை உடம்போடு உறைந்தது. அந்தப் புயலில் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் பலர். வினோனா நகரத்து விமானி மேக்ஸ் கான்ராட் தன் சிறு விமானத்தில் பறந்து, உயிரோடு இருந்தவர்களைத் தேடி, உணவும் தீக்குச்சியும் வைத்த டப்பாக்களைக் கீழே போட்டார். வாத்துகள் திடீரென்று திரளாக வருகிறதா, முதலில் வடமேற்கு வானத்தைப் பாருங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையை மனத்தில் வைத்துத்தான்.

குளிர்நீரில் விழுந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: ஒன்று, பத்து, ஒன்று. திணறும் மூச்சை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிதவைச் சட்டை போடாதவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசி மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. பத்து நிமிடத்துக்குள் மூழ்கிவிடுகிறார்கள். மார்பளவு ரப்பர் உடைக்கு மேலே இடுப்புவாரை இறுகக் கட்டுங்கள் என்ற ஒரே வாக்கியத்துக்காவது கட்டுரையில் இடம் இருந்திருக்கலாம்.

இனிப் பறவையின் பக்கம். நீர் ஒரே நாளில் உறைவதில்லை. முதலில் ஆழமில்லாத சதுப்பும் குட்டையும், பிறகு ஏரி, கடைசியில் ஆறு. ஒவ்வொரு கட்டத்திலும் வாத்துகள் மிச்சமிருக்கும் நீரில் நெருங்கிக் கூடும். வேட்டைக்காரனுக்கு இது எளிது. எங்கே தேடுவது என்ற கேள்வியே இல்லை. கட்டுரையாளர் பனிக்கட்டியை உடைத்துத் துவாரம் செய்து, அதில் போலி வாத்துகளை மிதக்கவிடும் முறையை உற்சாகமாக எழுதியிருக்கிறார். பருவத்தின் நடுவில், ஒரு நாள் இரண்டு நாள் உறைவுக்கு அது சரியான முறைதான், நானும் செய்திருக்கிறேன். இரண்டாவது வாரமும் உறைவு விடாவிட்டால் கதை மாறுகிறது.

ஒரு ஜனவரியில் ஆற்று வளைவில் நீரோட்டம் வேகமாக ஓடும் இடத்தில் மட்டும் ஒரு வகுப்பறை அளவு நீர் திறந்திருந்தது. அதில் நூற்றுக்கணக்கான மல்லார்ட்கள். முதல் வெடிக்கு எழுந்தவை ஒரு வட்டம் அடித்துவிட்டு, சில நிமிடங்களில் அதே இடத்தில் திரும்ப வந்து இறங்கின. போக வேறு நீர் இல்லை. அன்று நான் வீழ்த்திய சேவலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிறகு பறித்தபோது தோலுக்கடியில் வழக்கமான மஞ்சள் கொழுப்பு இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டியது. கடுங்குளிரில் வாத்து மேயப் போகாமல் அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு அசையாமல் கிடப்பது சோம்பல் அல்ல. பறப்பதற்கு ஓய்வைவிடப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். இருக்கிற கொழுப்பை வைத்து உறைவு விலகும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பி எழுப்பிச் சுற்றவிடும்போது, நாம் சுடாத பறவையையும் கொல்லத் தொடங்கிவிடுகிறோம். அந்த ஜனவரி முடியும்வரை நான் திரும்பப் போகவில்லை.

பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வாத்துப் பருவம் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. கடலோர அலைவாய்ப் பகுதியில் பிப்ரவரி 20 வரை. நாடெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உறைவு ஒரு வாரம் தொடர்ந்தால் எச்சரிக்கை வரும், வேட்டைக்காரர்கள் தாங்களாகவே கையை அடக்கிக்கொள்ளும்படி கேட்கப்படுவார்கள். பதின்மூன்று நாள் தொடர்ந்தால், பருவம் பாக்கி இருந்தாலும், அரசு சட்டப்படி வேட்டையை நிறுத்திவைக்கலாம். வேட்டைக்காரர்களின் அமைப்புகளும் இதற்குத் துணை நிற்கின்றன.

பனி தாமதமாக வருகிறது, பறவையும் தாமதமாக வருகிறது, ஆகவே பருவத்தைப் பிப்ரவரிக்குள் தள்ளுங்கள் என்று கட்டுரையின் கடைசிப் பத்தி கேட்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அமெரிக்காவில் வழக்கமான வாத்துப் பருவத்தின் கடைசி எல்லையை 2019இல்தான் ஜனவரி 31 வரை நீட்டினார்கள். மல்லார்ட்களில் பெரும்பாலானவை குளிர்காலத்திலேயே ஜோடி சேர்ந்துவிடுகின்றன. பிப்ரவரியில் நாம் பிரிப்பது ஒரு ஜோடியை. வடக்கே திரும்பி முட்டையிடப் பெட்டைக்குத் தேவையான கொழுப்பும் அந்த வாரங்களில்தான் சேர வேண்டும். பறவை தாமதமாக வந்தால், அந்த ஆண்டு நமக்குக் குறைவாகக் கிடைத்தது என்று வீடு திரும்ப வேண்டியதுதான். ஏன் அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டும்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பெட்டி கட்டி வெளியிடுகிறீர்கள். வரும் ஆண்டு முதல் அதே பெட்டிக்குள், தொடர்ந்து ஏழு நாள் நீர் உறைந்திருந்தால் துப்பாக்கியை வீட்டில் வையுங்கள் என்ற வரியையும் சேர்த்து அச்சிடுங்கள். சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்