நீந்தத் தெரியாத ஏரிக்கரை: மலையகச் சுற்றுலாவைத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றாலே தண்ணீர் தெரியும். தண்ணீருக்கு அப்பால் தேயிலை, அதற்கும் மேலே காடு, வானம் வெளுத்திருந்தால் சிவனொளிபாத மலையின் உச்சி. இதைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வரட்டும். எங்கள் மலையை யாராவது மெய்மறந்து பார்ப்பதைக் கண்டால் எனக்கு இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

இன்னும் படகுகள் விடலாம், கூடாரம் போட இடம் ஒதுக்கலாம், நடைபாதைகளைத் திறக்கலாம் என்று நீங்கள் யோசிக்கும் நேரம் இது. அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தண்ணீரின் கரையில் பிறந்து வளர்ந்த எங்களில் அநேகருக்கு நீந்தத் தெரியாது.

நான் ஒன்பதாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. மாசி மாதம், மழை இல்லை, தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தில் பெரிய மைதானம் போல நிலம் தெரியும். பையன்களுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இடம் தோட்டத்தில் கிடையாது. பந்து தண்ணீருக்குள் உருண்டது. மேட்டு லயத்துப் பையன் ஒருவன் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துபோய் அதை எடுக்கக் கை நீட்டினான். அடுத்த அடியில் ஆள் இல்லை. நாங்கள் கத்தினோம். கொழுந்து மலையிலிருந்து பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள், பிறகு ஆண்கள் வந்தார்கள். நாற்பது, ஐம்பது பேர் கரையில் நின்றோம். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. யாரோ கயிறு கொண்டுவந்தார், அதைப் பிடிக்கத்தான் தண்ணீரில் கை இல்லை. மறுநாள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இறங்கித்தான் அவனை எடுத்தார்கள். அவனுடைய அம்மா அதற்குப் பிறகு அந்தப் பக்க மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகவே இல்லை.

எங்கள் ஏரிகள் ஏன் இப்படி ஆளை விழுங்குகின்றன என்பதை வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இவை மின்சாரத்துக்காகக் கட்டிய தேக்கங்கள். காசல்ரீ கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றை மறிக்கிறது, பக்கத்துத் தேக்கமான மவுசாகலை மஸ்கெலியா ஓயாவை மறிக்கிறது. காசல்ரீயின் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுசாகலையின் தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்கும் போகிறது. இந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய பொறியியலாளரின் பெயர்தான் நோர்ட்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு. ஆகவே நீர்மட்டம் நிலையாக நிற்பதே இல்லை. வறட்சியில் பல மீட்டர் இறங்கும், தென்மேல் பருவமழையில் மளமளவென்று ஏறும். அடியில் இருப்பது மணல் இல்லை. மூழ்கிப்போன பழைய தேயிலை மலைகள், அவற்றின் படிக்கட்டு வரம்புகள், அடிக்கட்டைகள், அவற்றின் மேல் வருடக்கணக்காகப் படிந்த சேறு. முழங்கால் அளவு ஆழத்தில் நிற்பவனின் அடுத்த அடி ஒரு வரம்பின் விளிம்பாக இருக்கலாம். கடலில் நன்றாக நீந்துகிறவர்கூட இந்தக் குளிரிலும் சேற்றிலும் தடுமாறிப் போவார்.

அணைகளுக்குக் கீழே இருக்கும் ஆபத்து வேறு. மேலே காட்டில் மழை கொட்டும்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வான்கதவு திறந்தால் ஆற்றங்கரைப் பாறையில் சோறு சமைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஓட நேரம் இருக்காது. ஆட்கள் கூடும் இடங்களில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வையுங்கள். ‘குளிக்கத் தடை’ என்று மட்டும் எழுதினால் யாரும் நம்புவதில்லை. அடியில் என்ன இருக்கிறது, தண்ணீர் எப்படி ஏறி இறங்கும், அபாயச் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். காரணம் தெரிந்தால் மனுசன் கேட்பான்.

நான் முக்கியமாகக் கேட்பது இதுதான். ஏரிக்கரைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். எங்கள் தோட்டப் பாடசாலைகளில் நீச்சல் தடாகத்துக்கு வழியில்லை, தெரியும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆழம் பார்த்து, அடியைச் சுத்தம் செய்து, மிதவைக் கயிறு கட்டி ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். கடற்கரைகளில் நிற்கும் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினரைப் போல இங்கேயும் பயிற்றுநர்கள் வந்தால், சில வருடங்களில் எங்கள் பிள்ளைகளே உயிர்காப்பாளர்களாக நிற்பார்கள். பெண்பிள்ளைகளையும் சேருங்கள். துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் கரைக்கு அதிகம் போவது அவர்கள்தான்.

அப்புறம் வேலை. எங்கள் இளைஞர்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்கள். எந்த ஓடையை எப்போது கடக்கலாம், அட்டை எங்கே மொய்க்கும், பனி இறங்கினால் எந்தக் குறுக்குப் பாதை ஏமாற்றும் என்பதெல்லாம் அவர்களுக்குக் காலோடு வந்த அறிவு. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் என்ற மலை நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாக நீள்கிறது. அதில் பெரும் பகுதி தோட்டத்துப் பழைய பாதைகள். எங்கள் பாட்டன் பூட்டன்மார் வெட்டி, கல் அடுக்கிய பாதைகள் அவை. அவற்றில் ஆட்களைக் கூட்டிப்போகும் பிரதேச வழிகாட்டிகளாக அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா? பயிற்சியை ஹட்டனிலேயே, தமிழிலும் நடத்துங்கள். படகு விடும் அனுமதியைக் கொடுக்கும்போது கரையோரத் தோட்ட இளைஞர்களின் சங்கங்களுக்கு முதலிடம் கொடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகுக்கு, அது யாருடையதாக இருந்தாலும், அனுமதி வேண்டாம்.

காட்டுக்கும் இது நல்லது. சிவனொளிபாத மலைக்காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைக்காடும் சேர்ந்த மத்திய மலைநாடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காட்டின் ஓரத்தில், நல்லதண்ணிப் பக்கம், 2020 மே மாதம் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கிச் செத்தது. இத்தகைய கண்ணிகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கிறார்கள். காட்டைக் காட்டிச் சம்பாதிக்கிற ஒருவன் தோட்டத்தில் இருந்தால் கண்ணி வைக்கிறவனிடம் போய் அவனே பேசுவான்.

வருகிறவர்கள் உடைத்துப்போடும் போத்தல்களைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. கரையில் வெறுங்காலோடு நடப்பது எங்கள் அம்மாமார். அதுபோல, கொழுந்து எடுக்கிற அக்காமாரைக் கேட்காமல் படம் எடுப்பதும் லயத்து வாசலில் எட்டிப் பார்ப்பதும் நிற்க வேண்டும். காட்சி முனைகளில் நீங்கள் கட்டும் கழிப்பறைகளை அதே மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் திறந்துவிடுங்கள், காசு வாங்காமல்.

மவுசாகலையில் தண்ணீர் வற்றும் வருடங்களில் பழைய மஸ்கெலியா வெளியே தெரியும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர் அது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும். எங்கள் ஆட்கள் போய்ச் சூடம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அந்த நாட்களில் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வருகிறவர்கள் செருப்போடு சுவரில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். அங்கே அந்த ஊர்க்காரப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது வழிகாட்டிகளாக நிறுத்துங்கள். எந்தச் சுவர் யாருடைய வீடு என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

திட்டம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை, மாசி அல்லது பங்குனியில், தண்ணீர் இறங்கியிருக்கும்போது வாருங்கள். அந்தப் பையன் நின்ற வரம்பு அப்போது கண்ணுக்குத் தெரியும். நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காசல்ரீக் கரைத் தோட்டத்தில் பிறந்த ஒருவன்