செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பாய்ல் நகரப் பயணம், நிலுவைச் சந்தா, பிற விவரங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை டப்ளினில் நம் சங்கம் செய்த பணிகளை விதிப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டம் நடக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு விழா ஏப்ரலில் நடந்தது. மழையால் தள்ளிப்போன விளையாட்டு நாள் ஆகஸ்டில் நடந்தது. தீபாவளி விருந்தும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நிறைவாக நடந்தேறின. ஞாயிறு தமிழ் வகுப்பில் 23 பிள்ளைகள் படிக்கிறார்கள்; ஆசிரியர்கள் நால்வரும் ஊதியம் பெறாமல் கற்பிக்கிறார்கள்.

இனி ஜூன் மாதம் ராஸ்காமன் மாவட்டத்தின் பாய்ல் நகருக்குச் சென்று வந்த பயணம். அதை முன்மொழிந்தவன் நான். அதற்கான செலவு பற்றியும், அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது பற்றியும் ஆண்டு முழுவதும் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. ஆகவே இதை ஒரு வரியில் முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

செயற்குழுவில் பெரும்பாலோர் மோஹர் பாறை முகடுகளுக்குப் போகலாம் என்றார்கள். அழகான இடம்தான். ஆனால் இங்கே குடியேறிய ஆறு மாதத்துக்குள் நம்மில் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். நம் ஊரோடு ரத்தமும் சதையுமாகத் தொடர்புள்ள ஓர் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டும் என்பதே என் எண்ணம். ஆன்ட்ரிம் மாவட்டத்தின் கிளேடியைத்தான் முதலில் நினைத்தேன். 1814-ல் கால்டுவெல் பிறந்த ஊர் அது. ஆனால் வட அயர்லாந்துக்குள் நுழைய நம் உறுப்பினர்களில் பலருக்குத் தனி விசா வேண்டும். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கும் பாய்லைச் சொன்னேன். டப்ளினிலிருந்து ஸ்லைகோ போகும் பாதையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். ஆறு ஒன்று ஊரின் நடுவே ஓட, பின்னால் கர்லியூ மலை நிற்கும் பழைய சந்தை ஊர்.

அங்கேதான் 1878 நவம்பர் 7-ல் மார்கரெட் கில்லெஸ்பி பிறந்தார். மணமானபின் மார்கரெட் கசின்ஸ். டப்ளினில் இசை படித்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1908-ல் இங்கே ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அந்தப் போராட்டத்தில் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து லண்டனிலும் டல்லமோரிலும் சிறை சென்றார். 1915-ல் கணவரோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. அன்னி பெசன்ட் அதன் முதல் தலைவர். அதே ஆண்டு இந்தியப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்தது. அந்த முயற்சிக்குப் பின்னால் நின்ற கை மார்கரெட்டுடையது. 1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. தாகூர் 1919-ல் மதனப்பள்ளியில் ஜன கண மன பாடியபோது, அதற்கு இசைக்குறிப்பு எழுதியவரும் இவரே. 1932-ல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று வேலூர்ப் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். 1954-ல் அடையாறிலேயே காலமானார். பாய்லில் பிறந்து நம் மண்ணில் கலந்தவர். நாம் அங்கே பிறந்து இங்கே வந்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை அவருடைய ஊரைப் போய்ப் பார்ப்பது மரியாதை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

49 இருக்கைகள் கொண்ட பேருந்து ஏற்பாடு செய்தோம். 46 பேர் பெயர் கொடுத்தார்கள். அன்று காலை ஏழரை மணிக்கு வந்து நின்றவர்கள் 27 பேர். வராத 19 பேரில் நால்வர் முந்தின நாளே காரணம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. மீதிப் பேருக்குக் காத்திருந்து, தொலைபேசியில் அழைத்து, மணி எட்டேகாலுக்குத்தான் புறப்பட்டோம். ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் நேரத்துக்கு வந்து குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் என்ன சொல்வது? 46 பேருக்கென்று இரவெல்லாம் விழித்து மூன்று வீடுகளில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டியிருந்தார்கள். அந்தப் பொட்டலங்களை எண்ணிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வழியில் ஒலிபெருக்கியில் மார்கரெட் கசின்ஸின் வரலாற்றைப் படித்தேன். உறுப்பினர் ஒருவரின் தாயார், வேலூரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருப்பவர், முன்வரிசையில் அமர்ந்திருந்தார். வேலூர்ச் சிறை என்று நான் படித்ததும் நிமிர்ந்து, “எங்கள் ஊர் ஜெயிலிலா? இந்த ஊர்ப் பெண்ணா?” என்று கேட்டார். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதன்பின் ஊர் வந்து சேரும்வரை அவர் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் மடாலயம் பார்த்தோம். சிஸ்டர்சியன் என்ற பிரிவின் கிறிஸ்தவத் துறவிகள் 1161-ல் நிறுவியது; கட்டி முடிக்க ஏறத்தாழ 60 ஆண்டுகள் பிடித்தன. கூரை போய்விட்டது, சுவர்களும் தூண்களும் நிற்கின்றன. நம் தமிழ் வகுப்பு மாணவி ஒருத்தி, பதினொரு வயது, நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏன் இந்தப் பக்க வளைவு உருண்டையாகவும் அந்தப் பக்க வளைவு கூராகவும் இருக்கிறது?” என்று கேட்டாள். உண்மைதான்: தெற்கு வரிசையில் அரைவட்ட வளைவுகள், வடக்கு வரிசையில் கூர்முனை வளைவுகள். வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கட்டடக்கலையின் பாணி மாறிவிட்டதுதான் காரணம். பல்லவர் தொடங்கியதைச் சோழர் தொடரும்போது கல்லில் தெரியும் மாற்றத்தைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆடம்பரச் சிற்பம் கூடாது என்பது அந்தத் துறவிகளின் விதி. ஆனாலும் தூண்களின் தலைப்பகுதியில் சிறு மனிதர்களும் விலங்குகளும் எட்டிப் பார்க்கிறார்கள். கல்தச்சன் கை சும்மா இருக்காது போலும். பின்னாளில் படைவீரர்கள் இதைக் கோட்டையாக்கித் தங்கியதில் நிறையச் சிதைந்துவிட்டது.

அடுத்து கிங் ஹவுஸ். 1730 வாக்கில் கிங் குடும்பத்தார் கட்டிய மாளிகை. தீ பரவாமலிருக்க ஒவ்வொரு தளத்துக்கும் வளைவுக் கூரை. 1788 முதல் அது ராணுவக் குடியிருப்பு. பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் கதை அங்கே காட்சிக்கு இருக்கிறது. அந்தப் பிரிவின் ஐரிஷ் வீரர்கள் 1920 ஜூனில் ஜலந்தரில், தங்கள் நாட்டில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் கொடுமையைக் கேள்விப்பட்டு, ஆயுதம் ஏந்த மறுத்தார்கள். கலகம் சோலனுக்கும் பரவியது. ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர் அந்த ஆண்டு நவம்பர் 2-ல் தக்ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1970-ல்தான் அவருடைய எலும்புகள் அயர்லாந்து திரும்பின. வேலூரில் 1806-ல் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் படித்து வளர்ந்த நமக்கு இதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

மாளிகையின் முன்றிலில் சனிக்கிழமைச் சந்தை. மண் உதிராத புது உருளைக்கிழங்கு, முட்டை, பழுப்பு ரொட்டி. வேலூர் அம்மா ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். இரண்டு கிலோ கேட்டார், அதாவது விரலைக் காட்டினார். கடைக்காரப் பெரியவர் நிறுத்துப் போட்டபின், கூடையிலிருந்து மேலும் இரண்டு கிழங்கைத் தூக்கிப் பைக்குள் போட்டார். “கொசுறு!” என்றார் அம்மா, முகமெல்லாம் மலர்ந்து. மகள் அதை மொழிபெயர்க்கப் படாதபாடு பட்டார். அதைக் கேட்ட பெரியவர், மாட்டுச் சந்தை ஊர்த் தெருக்களிலேயே கூடிய காலத்தைப் பற்றிச் சொன்னார்: விலை படிந்ததும் கையில் எச்சில் உமிழ்ந்து கையோடு கை அறைந்து பேரத்தை முடிப்பார்களாம், விற்றவர் வாங்கியவருக்கு ஒரு சிறு காசைத் திருப்பிக் கொடுப்பாராம். அதற்கு அதிர்ஷ்டக் காசு என்று பெயர். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் தன் கையை நீட்டி, காட்டச் சொன்னார். என் தோளிலிருந்த துண்டைப் போட்டுக் காட்டினேன். சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அதன்பின் ஒருவர் கையை ஒருவர் பிடித்து விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பறையில் பத்து வாரம் நடத்தினாலும் இது நடக்காது.

பயணம் முடிந்த மறுநாள், வராத உறுப்பினர் ஒருவர், இடிந்த சுவரையும் காய்கறிக் கடையையும் பார்க்கவா இவ்வளவு செலவு என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அதற்கு நான் அன்று பதில் எழுதவில்லை. மேலே எழுதியிருப்பதே என் பதில்.

செலவைப் பொறுத்தவரை: பேருந்து வாடகை ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து மாறுவதில்லை. பெயர் கொடுத்து வராதவர்களில் 11 பேர் இன்றுவரை கட்டணம் செலுத்தவில்லை. மூன்று முறை நினைவூட்டினேன். விழுந்த பற்றாக்குறையில் ஒரு பகுதியைச் சங்க நிதி ஏற்றது. மீதியைச் செயற்குழுவில் சிலர் சொந்தக் கையிலிருந்து போட்டோம்.

சந்தா நிலவரமும் மனநிறைவு தருவதாக இல்லை. பதிவேட்டில் 112 குடும்பங்கள். ஆண்டுச் சந்தா செலுத்தியவை 64. பொங்கல் விழா அன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. சந்தாப் புத்தகத்தில் எழுதப் பக்கம் மிச்சமிருக்கிறது. யாரையும் பெயர் சொல்ல விரும்பவில்லை. பணமில்லாமல் செலுத்தாதவர் யாராவது இருந்தால் என்னிடம் தனியே ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெயர் என்னைத் தாண்டிப் போகாது. மறதியால் செலுத்தாதவர்களுக்கு மறதி போதும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக வந்தன. முந்தைய ஆண்டிலிருந்து வந்த இருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. மண்டப வாடகை உயர்ந்ததே முதன்மைக் காரணம்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், தமிழ் வகுப்பு ஆசிரியர்கள், ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்ட இளைஞர்கள், விழாக்களில் பரிமாறிய தாய்மார்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. அந்த இரவு புளியோதரை கிளறிய மூன்று வீட்டாருக்கும் இன்னொரு முறை நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். நான் நான்கு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இரவுப் பணி முடித்து வந்து ரசீது எழுதும் நிலை நீடிக்க முடியாது. விலகுகிறேன் என்று சொல்ல வரவில்லை. உதவிச் செயலாளர் பதவி இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது. அதற்கு ஒருவர் முன்வந்தால் நானும் இன்னும் ஓர் ஆண்டு இருக்கத் தயார். ஒருவரும் வராவிட்டால் விழாக்கள் மூன்றையும் நடத்தலாம், பயணம் முடியாது. வேலூர் அம்மா அடுத்த கோடையில் மீண்டும் வருகிறார். அதே சந்தைக்குப் போக வேண்டும் என்று மகளிடம் இப்போதே சொல்லியிருக்கிறாராம். ஜூன் மாதத்தின் ஒரு சனிக்கிழமையை எண்ணத்தில் வைத்திருக்கிறேன். இந்த முறை முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே இருக்கை.

பதிவுப் படிவம் வாசலருகே மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான். உதவிச் செயலாளருக்கான விருப்பப் படிவம் ஒன்றும் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளை முடியும்வரை பொருளாளர் அங்கேயே அமர்ந்திருப்பார்.

பணிவுடன்,
செயலாளர்