சூதாட்டத்தைப் பத்தி மருத்துவப் பக்கத்துலயும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடன் தாங்க முடியாம ஒருத்தர் உயிரை விட்டுட்டார்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. கடைசி பாரா வரைக்கும் படிச்சாதான், அவர் போன்ல பந்தயம் கட்டிட்டு இருந்தாராம்னு ஒரு வரி இருக்கும், அதோட முடிஞ்சது. போலீஸ் செய்தியா வந்து போயிடுது. சுகர், பிரஷர், சிகரெட், குடி எல்லாத்துக்கும் வாராவாரம் டாக்டர்களைக் கூப்பிட்டு எழுத வைக்கிறீங்க, சூதாட்டத்துக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

அவன் காசு, அவன் ஆடுறான், தோத்தா அவன் தலையெழுத்து, இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு சொல்றவங்கதான் அதிகம். ஆனா மருத்துவ உலகம் இதைத் தாண்டிப் போய் ரொம்ப காலம் ஆச்சு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1980லயே இதைத் தன்னோட நோய்ப் பட்டியல்ல சேர்த்துடுச்சு, 2013ல வந்த பதிப்புல குடி, போதைப்பொருள் எல்லாம் இருக்கிற அதே அத்தியாயத்துக்கு மாத்திடுச்சு. 2022ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11ங்கிற நோய்ப் பட்டியல்லயும் இருக்கு. இன்னொண்ணு கேட்டா ஆச்சரியப்படுவீங்க: பார்கின்சன் நோய்க்குக் குடுக்கற சில மாத்திரைகள், அதாவது மூளையில டோபமைன்ங்கிற ரசாயனம் மாதிரி வேலை செய்யறது, அதைச் சாப்பிடுற சில பேருக்கு அதுவரைக்கும் சீட்டுக்கட்டையே தொடாதவங்களா இருந்தாகூட திடீர்னு சூதாட்ட வெறி வந்துடுது, மாத்திரையைக் குறைச்சா பல பேருக்கு அடங்கியும் போகுது. இதையும் ஒழுக்கக்கேடுன்னு சொல்லுவாங்களா?

அதுக்காக எல்லாப் பழியையும் மூளை மேல போட்டுட முடியாது, ஆட்டத்தையே அப்படித்தான் டிசைன் பண்ணி வச்சிருக்காங்க. ஸ்லாட் மெஷினையே எடுத்துக்கோங்க, அதாவது பணம் போட்டு பட்டனை அமுக்கினா படங்கள் சுத்தி நிக்கிற சூதாட்ட மெஷின், நூறு போட்டா நாப்பது திரும்பி வரும், ஆனா லைட்டு மின்னும், மியூசிக் அடிக்கும், ஜெயிச்ச மாதிரியே கொண்டாடும், உண்மையில அறுபது போயாச்சு. மூணு படத்துல ரெண்டு ஒண்ணா விழுந்து மூணாவது ஒரு இழை தள்ளிப் போச்சுன்னா, தோத்த மாதிரி தோணாது, அடுத்தது நமக்குத்தான்னு கை தானா பட்டனுக்குப் போகும். ஆன்லைன்ல வேற விதம். பணம் போட ரெண்டு செகண்டு, ஜெயிச்ச பணத்தை வெளிய எடுக்கணும்னா வெரிஃபிகேஷன் நடக்குது காத்திருங்கன்னு சொல்லுவாங்க, அந்தக் காத்திருக்கிற நேரத்துல கேன்சல் பண்ணிட்டு திரும்ப ஆடலாம்னு பக்கத்துலயே ஒரு பட்டன் வேற வச்சிருந்தாங்க. பிரிட்டன்ல 2021ல இந்தப் பட்டனைத் தடை பண்ண வேண்டி வந்ததுன்னா அது எத்தனை பேர் பணத்தைத் திரும்ப உள்ள இழுத்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. விட்டதைப் பிடிச்சிடலாம்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க இல்லையா, அந்த நினைப்பை வச்சுத்தான் முழு பிசினஸும் ஓடுது.

கணக்கும் அதைத்தான் சொல்லுது. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் வர்ற பணத்துல, அதாவது ஆடுறவங்க தோக்கிற பணத்துல, சுமார் 60 சதவீதம் கெடுதல் வர்ற அளவுக்கு ஆடுறவங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எப்பவாவது ஜாலிக்கு ஆடுறவங்களால இவங்களுக்கு பெருசா லாபம் கிடையாது. அப்புறம் எதுக்கு விளம்பரத்துக்குக் கீழ பொடி எழுத்துல 'பொறுப்போடு ஆடுங்க'ன்னு போடுறாங்க? எல்லாரும் நிஜமாவே பொறுப்போடு ஆடிட்டா கடையை மூட வேண்டியதுதானே.

2024ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகை அமைச்ச நிபுணர் குழு இதைப் பொது சுகாதாரப் பிரச்சினையாத்தான் பாக்கணும்னு வெளிப்படையா எழுதிச்சு, உலகத்துல சுமார் 8 கோடி பெரியவங்களுக்கு இந்தக் கோளாறோ அதுக்கு நெருக்கமான பிரச்சினையோ இருக்கலாம்னு மதிப்பீடும் குடுத்தாங்க. வீட்ல இருக்கிறவங்க அந்தக் கணக்குல வரல. மோசமா ஆடுற ஒருத்தரால சராசரியா இன்னும் 6 பேர் பாதிக்கப்படுறாங்கன்னு ஆஸ்திரேலியாவுல ஒரு ஆய்வு இருக்கு. மனைவியோட நகை, பிள்ளையோட ஃபீஸ், ஜாமீன் கையெழுத்து போட்ட தம்பி, இவங்க யாரும் ஒரு பட்டனையும் அமுக்கினதில்ல.

சட்டம் போட்டா குறையுமான்னு கேப்பீங்க. நார்வேயில 2007ல ஸ்லாட் மெஷினை மொத்தமா எடுத்துட்டு, அப்புறம் கார்டு இல்லாம ஆட முடியாத, இவ்வளவுக்கு மேல தோக்க முடியாத மெஷினை வச்சாங்க. பிரிட்டன்ல ஒரு தடவைக்கு 100 பவுண்டு வரைக்கும் கட்டலாம்னு இருந்த மெஷின்ல 2019ல உச்சவரம்பை 2 பவுண்டா இறக்கினாங்க, 2020ல கிரெடிட் கார்டுல ஆடுறதையும் நிறுத்தினாங்க. கடன் வாங்கி ஆட விடக் கூடாதுன்னு புரியறதுக்கே இத்தனை வருஷம் ஆயிருக்கு!

டாக்டர்கள் பக்கமும் ஒரு குறை இருக்கு. தூக்கம் இல்லைன்னு போனா சிகரெட் உண்டா, குடி உண்டான்னு கேக்கிறாங்க, பந்தயம் கட்டுவீங்களான்னு கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்கு ரெண்டே கேள்விதான்: இன்னும் இன்னும் அதிகமா பணம் கட்டணும்னு தோணியிருக்கா, எவ்வளவு ஆடினீங்கன்னு வேண்டியவங்ககிட்ட பொய் சொல்ல வேண்டி வந்திருக்கா? ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னாலே மேற்கொண்டு விசாரிக்கணும்னு அர்த்தம். சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சையில நல்லா ஆனவங்க இருக்காங்க, ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னே வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிய வைக்க வேண்டியது உங்களை மாதிரி பேப்பர்தான்.

அதனால ஒரு மனநல மருத்துவரை வச்சு இதைப் பத்தி தொடர்ந்து எழுதுங்க. தற்கொலைச் செய்தி போடும்போது ஹெல்ப்லைன் நம்பரோட, இதுக்கு சிகிச்சை உண்டுன்னு ஒரு வரியும் சேருங்க. விளையாட்டுப் பக்கத்துல பந்தய ஆப் விளம்பரம் வாங்கிறதை முதல்ல நிறுத்துங்க, நிறுத்த முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு இதே பகுதியில பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரைத் தினமும் படிக்கிற ஒரு வாசகர்