வண்டிச் சத்தம் இல்லாத வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிதிவண்டிச் சுற்றுப்பயணம் குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எந்த வண்டியை வாங்கலாம், எத்தனை கியர் இருந்தால் நல்லது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிக்கலாம் என்பனவெல்லாம் அவற்றில் விரிவாகவே பேசப்படுகின்றன. ஆனால் பயணத்தின் இன்பத்தை முடிவு செய்வது அது நடக்கும் பாதைதான் என்பதும், மோட்டார் வண்டிகள் நுழையாத வழி ஒன்று இல்லாவிட்டால் கிராமப்புறத்தின் அத்தனை நிறங்களும் கண்ணெதிரே விரிந்து கிடந்தாலும் மிதிப்பவருக்கு அவை கிட்டுவதில்லை என்பதும் போதிய அழுத்தத்துடன் சொல்லப்படுவதில்லை. பல ஆண்டுகளாக மிதிவண்டியில் நெடுந்தூரம் சென்று வருபவன் என்ற முறையில் இதை எழுதத் துணிந்தேன்.

இருபுறமும் சூரியகாந்தி பூத்துக் கிடந்த ஒரு சாலையில் ஒருமுறை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிதித்தேன். பின்னால் வருவது லாரியா காரா, அது விலகிச் செல்லுமா உரசிச் செல்லுமா என்பதைக் காதாலேயே கணித்துக்கொண்டு சென்ற பயணம் அது. அன்றிரவு நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சாலையோரத்து வெள்ளைக்கோடும், அதற்கு அப்பால் சிதறிக் கிடந்த கண்ணாடிச் சில்லுகளும், கைப்பிடியை இறுகப் பற்றியதில் மரத்துப்போன விரல்களுமே நினைவில் நின்றன. பூக்களைப் பற்றி எழுத ஒரு வரிகூட இல்லை. மின்சாரக் கார்கள் பெருகிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நண்பர்கள் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். வண்டி வேகமெடுத்த பிறகு காதை அடைப்பது பெரும்பாலும் எஞ்சின் ஓசை அன்று, டயர்கள் சாலையில் உருளும் ஓசையே என்பதால், அந்த நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. தனிப்பாதைக்கு மாற்று கிடையாது.

அப்படிப்பட்ட தனிப்பாதையில் முதல் அரைமணி நேரத்திலேயே உடம்பில் ஒரு மாற்றம் தெரியும். தோள்கள் தாமாக இறங்கும்; திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகும்; பெடலை நிறுத்திச் சரிவில் இறங்கும்போது பின்சக்கரத்து ஃப்ரீவீல் எழுப்பும் டிக் டிக் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிமிடத்துக்கு 250 மீட்டர் நகர்கிறோம். வயல் ஒன்றை வயலாகவும், அதன் ஓரத்துப் புல்லைத் தனித்தனிப் புல்லாகவும் காண அந்த வேகம் போதும். அந்த நிதானத்தில்தான் நிறங்களுக்கும் நேரம் காலம் உண்டு என்பதே நமக்குப் புலப்படுகிறது. ஆளிவிதைச் செடியின் நீலப்பூ காலையில் விரிந்து, பிற்பகலுக்குள் இதழ் உதிர்த்துவிடும். காலை ஒன்பது மணிக்கு ஏரிபோல் நீலமாகத் தெரிந்த வயல் மாலையில் வெறும் பச்சையாக நிற்கும். சூரியகாந்தி இளஞ்செடியாக இருக்கும்வரைதான் சூரியனோடு திரும்பும். மலர்ந்து முதிர்ந்த பிறகு கிழக்கு நோக்கியே நின்றுவிடும். எனவே, காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கு நோக்கி மிதிப்பவரை அந்த வயல் முழுவதும் முகம் காட்டி எதிர்கொள்ளும். எதிர்த்திசையில் வருபவர் பூக்களின் பச்சை முதுகுகளைத்தான் காண்பார். இது எனக்கு எந்த வழிகாட்டி ஏட்டிலிருந்தும் தெரிந்ததன்று. ஒரே பாதையில் போய்த் திரும்பியபோது, இதே வயலைத்தானா காலையில் கடந்தோம் என்று குழம்பி, வண்டியை நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இத்தகைய வழிகளைப் புதிதாக வெட்ட வேண்டிய தேவை பல இடங்களில் இல்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். கைவிடப்பட்ட ரயில் பாதைகள் மிதிவண்டிக்கென்றே போடப்பட்டவை போல அமைந்திருக்கின்றன. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது என்பதால், அக்காலப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தை மேடாக்கியும் பெரும்பாலும் நூறு மீட்டருக்கு ஒன்றோ இரண்டோ மீட்டருக்கு மேல் உயராதபடி பாதை அமைத்தார்கள். நீராவி எஞ்சினுக்காகப் பட்ட அந்தப் பாடு இன்று முழங்கால் வலியுள்ள முதியவருக்கும், பெற்றோருடன் வரும் பத்து வயதுக் குழந்தைக்கும் பயன்படுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரையிலான சுமார் 51 கிலோமீட்டர் நீளப் பழைய ரயில் தடம் 1967-இலேயே இப்படி மாற்றப்பட்டுவிட்டது. அதில் உள்ள மூன்று குகைப்பாதைகளுக்குள் நீர் சொட்டும் இருட்டில் கைவிளக்குடன் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஜெர்மனியின் ஆகனில் தொடங்கி பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க் வரை 125 கிலோமீட்டர் செல்லும் ஃபென்பான் பாதையும் ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும் சுமந்த தடமே.

இவை எல்லாவற்றிலும் நியூசிலாந்தின் ஒட்டாகோ மத்திய ரயில் தடத்தையே நான் முதன்மையாகக் குறிப்பிடுவேன். 1990-இல் ரயில் நின்றுபோன 150 கிலோமீட்டர் நீளப் பகுதி, 2000-ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கும் நடைக்குமான பாதையாக முழுமையாகத் திறக்கப்பட்டது. மரங்கள் அடர்ந்த நிலம் அன்று அது. காற்றில் அலையும் பொன்னிறப் புல் மூடிய வறண்ட குன்றுகள்தாம் எங்கும். வசந்தத்தில் காட்டுத் தைம் செடிகள் பூக்கும்போது அதே குன்றுகளின் சரிவுகள் ஊதா நிறமாகிவிடுகின்றன. ரயில் போனதோடு ஒடுங்கிக்கொண்டிருந்த சிற்றூர்கள், மிதிவண்டிப் பயணிகளுக்கு உணவும் படுக்கையும் தந்து மீண்டும் பிழைக்கத் தொடங்கின. காரில் வருபவர் ஓர் ஊரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுவார். மிதித்து வருபவருக்கோ பசிக்கும். பொழுது சாய்ந்தால் அந்த ஊரிலேயே தங்கியாக வேண்டும்.

கால்வாய்க் கரைகளும் இதற்கு ஏற்றவையே. 1681-இல் கட்டி முடிக்கப்பட்ட பிரான்சின் கனால் டு மிடி, தூலூஸ் நகரிலிருந்து 240 கிலோமீட்டர் ஓடுகிறது. குதிரைகள் படகிழுத்து நடந்த அதன் கரையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. அதன் இருபுறமும் நிழல் தந்த பிளேன் மரங்களில் 2006-இல் பூஞ்சை நோய் கண்டறியப்பட்டு, ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள். நிழல் என்பது மிதிப்பவருக்கு அழகுக்காக மட்டும் தேவைப்படுவதன்று என்பதால் இந்த இழப்பு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

பாதையைத் திறந்து வைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முப்பது கிலோமீட்டர் அருமையான வழிக்கு நடுவில், வளைவும் வேகமும் மிகுந்த சாலையில் இரண்டு கிலோமீட்டர் போயே தீர வேண்டும் என்றால், குழந்தையுடன் வரும் குடும்பத்துக்கு அந்த முப்பதும் பயனற்றதாகிவிடுகிறது. இவ்வகையில் பிரிட்டனில் நடந்தது பாராட்டத்தக்கது. தேசிய மிதிவண்டிப் பாதை வலைப்பின்னலைப் பேணும், அப்போது சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் இயங்கிய தொண்டு அமைப்பு, போக்குவரத்து நெருக்கடியால் பாதுகாப்பற்றவை என்று கருதிய பகுதிகளை, மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை, 2020-இல் தானாகவே முன்வந்து வலைப்பின்னலிலிருந்து விலக்கியது அல்லது வேறு வகையில் சேர்த்தது. வரைபடத்தில் நீளம் காட்டிப் பெருமைப்படுவதைவிட, பயணியிடம் உண்மையைச் சொல்வது மேல் என்பதே என் கருத்தும்.

வழி காட்டும் பலகைகளுக்கு பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடே போதுமானது. பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். அடுத்தடுத்துக் கடக்க வேண்டிய எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் கைப்பேசியை எடுக்காமலே நாள் முழுவதும் மிதிக்கலாம். மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க நுழைவாயில்களில் நடப்படும் தடுப்புகள் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. இருபுறமும் பைகள் தொங்கும் வண்டியோ, மாற்றுத்திறனாளிகள் கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியோ நுழைய முடியாதபடி நெருக்கமாகக் கம்பி நட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள்களோ பக்கத்துப் புல்வெளி வழியாகச் சுற்றிக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். பாதையோரத்துப் புல்லையும் காட்டுப்பூக்களையும் அவை விதைவிட்ட பிறகே அறுக்க வேண்டும். பூத்த வாரத்திலேயே சுத்தம் என்ற பெயரில் மழித்துவிட்டால் மறு ஆண்டு அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மிதிப்பவர்களுக்கும் கடமை உண்டு. அந்த நிறங்கள் யாரோ ஒருவர் உழுது விதைத்த பயிர். படம் எடுப்பதற்காக வயலுக்குள் இறங்கித் தண்டுகளை மிதித்துவிட்டு வருவோரைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். டிராக்டர் எதிரே வந்தால், வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்பதே முறை. நடந்து செல்வோரைக் கடக்கும்போது தொலைவிலேயே மெதுவாக ஒருமுறை மணியடித்துவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மிதிவண்டிச் சுற்றுப்பயணம் பற்றி இனி எழுதும்போது, ஒவ்வொரு வழியிலும் மோட்டார் வண்டி அறவே நுழையாத பகுதி எத்தனை கிலோமீட்டர், தரை தாரா சரளையா மண்ணா, பெருஞ்சாலைகளை எங்கெங்கே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும், எந்த மாதத்தில் எந்தப் பயிர் பூத்திருக்கும் என்ற விவரங்களைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதன்முறையாகக் குழந்தையை அழைத்துக்கொண்டு புறப்படும் ஒருவர், போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த நான்கு விவரங்களைத்தான் முதலில் தேடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்