பெரணி மாதிரி ஒரு கல்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் என்று சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரிந்ததால்தான் இந்தக் கூத்தே நடந்தது.

எதிர்மனையில் அஸ்திவாரத்துக்கு இறக்கிய கல் குவியலிலிருந்து பேரன் ஒரு சில்லைத் தூக்கி வந்தான். "தாத்தா, கல்லுல இலை!" வெளிறிய கல்லில் கறுப்பு மையால் வரைந்த மாதிரி ஒரு பெரணிச் செடி இலை, கிளைக்குள் கிளையாக. எனக்குக் கை நடுங்கிவிட்டது. முப்பது வருடம் பாசில், அதாவது புதைபடிவப் பாடம் நடத்தியவன் கையில் நிஜமாகவே ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும்! தெருவையே கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். பேப்பரில் போடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் புத்தி வந்தது. லாரிக்காரர் கல் ஏற்றியது மலைக்குப் பின்னால் உள்ள குவாரியில். நம்மூர் மலை என்ன கல்? நைஸ், சார்னோகைட், கிரானைட். 250 கோடி வருடத்துப் பழசு. அப்போது உலகத்தில் இருந்ததெல்லாம் நுண்ணுயிர்கள்தான், இலை ஏது? அதுவும் பூமிக்கடியில் வெந்து உருமாறி வந்த பாறை. நூறு விசில் விட்ட குக்கரில் மீன்முள்ளைத் தேடின கதைதான்.

காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காம்பு இல்லை, நடுநரம்பு இல்லை. கல்லின் விரிசல் ஓரத்திலிருந்து கிளம்பி, போன போக்கில் படர்ந்திருக்கிறது. விரிசலில் கசிந்த தண்ணீரிலிருந்து மாங்கனீசு ஆக்சைடு படிந்து படிந்து கிளைவிட்ட கறை. டெண்ட்ரைட் என்பார்கள். பாடத்தில் நானே சொல்லிக்கொடுத்ததுதான்! மறுபடி தெருவைக் கூப்பிட்டு "இலை இல்லை" என்று சொல்வதுதான் கஷ்டமாகப் போயிற்று. பக்கத்து வீட்டம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பையன் விடவில்லை. அடுத்தது பாலாற்றங்கரையிலிருந்து 'டைனோசர் எலும்பு'. எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நுரைத்தது. நுரைத்தால் சிப்பி, கிளிஞ்சல் என்று உங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் நீ சொல்லலாம், இங்கே அந்தப் பரீட்சை செல்லாது. அது சுக்கான்கல். வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டினால் எலும்புக் குழல் மாதிரியே வரும். உடைத்தால் உள்ளே எலும்புக்குரிய நுண்துளைகள் இல்லை, வெறும் மாவு.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்மூரைக் கேலி செய்வார்களே. 1981-ல் கோயிலுக்குச் சாமி வந்துவிட்டார். காலியான இடத்தில் 'பாசில் இல்லாத பாறை' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

வட ஆற்காடு, மதராஸ் ஜில்லாக்களின் நிலவியலை எழுதிய ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளரும் நம் பக்கத்துப் பாறையையெல்லாம் பார்த்தவர்தான். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடாரி கண்டெடுத்தாரே, அவரேதான். நிஜ இலை வேண்டுமென்றால் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் களிப்பாறைக்குத்தான் போகவேண்டும். டிலோபில்லம் என்று ஒரு பழங்காலச் செடி, நடுத்தண்டின் இரண்டு பக்கமும் சீப்புப்பல் மாதிரி வரிசையாக இலை. படத்தையும் நம் கறையையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பையனுக்கே புரிந்துவிட்டது.

திருவக்கரை ஞாபகம் இருக்கிறதா? வக்கிராசுரன் எலும்பு என்று ஊரார் காட்டிய, கல்லாகிப்போன மரங்கள்? நீ ஜோபியில் போட்ட சில்லை வாட்ச்மேன் வெளியே எடுக்க வைத்தாரே! எனக்கு அன்றைக்கு மானம் போயிற்று. அவர் செய்தது சரிதான். ஆளுக்கு ஒரு சில்லு என்று எடுத்திருந்தால் இன்றைக்கு அங்கே வெறும் மண்தான் இருக்கும்.

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் லீவில் பேரனோடு பெரம்பலூர் வருகிறேன். சாத்தனூர் கல்மரத்தை அவன் பார்க்கவேண்டும். 18 மீட்டர் நீளம் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். பிறகு காரை கிராமத்து ஓடைகள். அங்கே தோட்டா மாதிரி கிடக்கும் பெலம்னைட், கணவாய் மீனுக்கு உறவான ஒரு பழங்கால உயிரின் உடலுக்குள் இருந்த பாகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு குறை. போன வருடம் நீ கொடுத்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பாசில், சாளக்கிராமம் மாதிரி ஷோகேஸில்தான் இருக்கிறது. எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கில் எடுத்தது? ஒரு வரி எழுதித் தரவில்லை நீ. பையன் கேட்கிறான், நான் முழிக்கிறேன். ஞாபகம் இருக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதி வை. இல்லாவிட்டால் அதுவும் என் பெரணி மாதிரி ஒரு அழகான கல், அவ்வளவுதான்.

மூட்டுவலி உனக்கும் இருக்கும். ஓடைக்குள் இறங்க ஒரு கம்பு எடுத்து வை, எனக்கும் சேர்த்து.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி