கோல் கீப்பர் பிள்ளையின் காலை ஒருமுறை அளந்து பாருங்கள்

கோலாலம்பூரில் நம் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கும், பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் செந்தூலில் குடியிருக்கிறேன். என் மகள் இரண்டாம் படிவம் படிக்கிறாள், பள்ளி ஹாக்கிக் குழுவுக்குக் கோல் கீப்பர். நானும் எண்பதுகளில் பள்ளிக்காக வலையில் நின்றவன்தான். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். எந்தப் பள்ளி, எந்தப் பயிற்றுநர் என்று இதில் சொல்லப் போவதில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு திடலில் மட்டும் நடக்கிற விஷயமாக இருந்திருந்தால் அந்த ஒருவரிடமே நேரில் பேசி முடித்திருப்பேன்.

சென்ற மாதம் 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஓர் ஆட்டம். தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகளுக்குக் காலில் கட்டும் காப்பான பேட் கட்டிவிட மண்டியிட்டு உட்கார்ந்தேன். அது எப்போதோ பள்ளியை விட்டுப் போன உயரமான பையன் ஒருவனுக்காக வாங்கியது. பெரியவர்கள் அளவு. முட்டி உட்காரவேண்டிய மடிப்பு அவள் முட்டிக்கு நான்கு விரல் மேலே நிற்கிறது. பேடின் மேல்முனை பாதித் தொடையைத் தாண்டிவிட்டது. வாரைக் கடைசிவரை இழுத்தும் உள்ளே என் கை நுழைகிற அளவுக்கு இடம். ஒரு பழைய டீ-சட்டையை நாடா நாடாவாகக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். "இதால ரெண்டு சுத்து சுத்திக் கட்டுங்கப்பா, அப்பத்தான் திரும்பாது" என்றாள். இதைத் தானாகவே கண்டுபிடித்து, பல வாரமாக இப்படித்தான் சமாளித்திருக்கிறாள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதத்தின் மேல் மாட்டும் காப்பான கிக்கருக்குள் இரண்டு ஜோடி காலுறை, முன்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஹெல்மெட்டோ தாடையில் பிடிக்கவே இல்லை. குனிந்தால் கண்ணுக்கு மேல் இறங்குகிறது, கையுறையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இரண்டாவது கால்பகுதியில் அந்தக் கோல் விழுந்தது. வலைக்கு முன்னால் வரைந்திருக்கும் டி வட்டத்தின் ஓரத்திலிருந்து வந்த அடி. பெரிய வேகம் ஒன்றும் இல்லை, வலப்பக்கம் தரையோடு வந்தது. சரியாகத்தான் வலது காலை நீட்டினாள். கால் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் கிக்கர் அதோடு சேர்ந்து போகவில்லை. அரைச்சுற்று திரும்பி நின்ற கிக்கரின் விளிம்பில் பட்டு, பந்து உள்ளே போனது. எனக்கும் வலைக்கும் இருபது அடி கூட இருக்காது. என் கண்ணால் பார்த்தேன்.

இடைவேளையில் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். நடுத்திடலில் ஆடுகிற இன்னொரு பிள்ளைக்கு அதே பேடுகளை மாட்டி வலைக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை அதுவரை வலையில் நின்றதே இல்லை. மேலும் மூன்று கோல். ஆட்டம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் அழுதார்கள். புதிதாக நின்றவள்தான் அதிகம் அழுதாள்.

அன்று இரவு அப்பாமார்கள் நாலைந்து பேர் மாமாக் கடையில் உட்கார்ந்து இதையே பேசினோம். தே தாரேக் ஆறிப்போனதுதான் மிச்சம். ஒருவர், முதல் கோலிலேயே கீப்பரை மாற்றியிருக்கவேண்டும் என்றார். இன்னொருவர் மாற்றியிருக்கவே கூடாது என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் இந்த மடலை எழுதவைத்தது. "பேட் பெருசா இருந்தா நல்லதுதானே, வலையை அடைச்சிக்கிட்டு நிக்கும். பனி ஹாக்கியில பாருங்க, கீப்பர் யானை மாதிரி நிக்கிறான்" என்றார். இதே பேச்சைப் பயிற்றுநர்கள் சிலர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பனி ஹாக்கி வலையின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். நம் ஹாக்கி வலை 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பரப்பளவைக் கணக்குப் போட்டால் நம்முடையது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அங்கே கீப்பர் மண்டியிட்டு உட்கார்ந்தாலே கீழ்ப்பகுதியில் பாதிக்குமேல் அடைபட்டுவிடும். அதனால்தான் அங்கே ரசிகர்கள் கீப்பரின் பேட் அளவைப் பற்றி வருஷக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். கோல் விழுவது குறைந்துபோகிறது என்று வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டியில் 2005-ல் பேடின் அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11 அங்குலமாகக் குறைத்தார்கள். அங்கே ஓர் அங்குலம் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

நம் ஆட்டத்தில் கால் பேட் ஒன்றின் அகலம் 300 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அனைத்துலக விதி. இரண்டு பேடும் சேர்ந்தால் 60 சென்டிமீட்டர். வலையின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பெரியவர் பேடுக்கும் சிறுவர் பேடுக்கும் அகலத்தில் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அந்தச் சில சென்டிமீட்டருக்காக ஒரு பிள்ளையின் ஓட்டத்தையே பிடுங்கிக்கொள்கிறோம். மீதி ஆறில் ஐந்து பங்கை யார் காப்பது? அவள் கால்தான் காக்கவேண்டும். பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துப் போய்ச் சேருகிறாளா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டிக்கு மேல் ஏறி நிற்கும் பேடைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் எட்டு வைத்துப் பாருங்கள். இரண்டு பேடும் ஒன்றோடொன்று உரசி, காலை அகட்டி அகட்டித்தான் நடக்கமுடியும்.

கீப்பரின் உடல் அளவைச் செயற்கையாகப் பெருக்கிக் காட்டும் எதையும் அணியக்கூடாது என்றும் விதி சொல்கிறது. ஆனால் பெரியவர் பேடை 13 வயதுப் பிள்ளை கட்டினாலும் அது 300 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், நடுவர் ஒன்றும் சொல்லமுடியாது. பிள்ளைக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டிய பொறுப்பு முழுக்க முழுக்க உங்களுடையது. அதற்கு வேறு ஆளே இல்லை.

பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று இன்னொரு வாதம். இதை என்னால் ஏற்கவே முடியாது. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை, கல் மாதிரி இருக்கும். பேட் கீழே கிக்கரின் மேல் சரியாக உட்காராவிட்டால் கணுக்காலுக்கு மேலே ஓர் இடைவெளி விழும். அந்த இடத்தில் வெறும் எலும்புதான். ஹெல்மெட் கண்ணை மறைத்தால் பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. தெரியாத பந்துக்கு யாராலும் ஒதுங்கமுடியாது. பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே இருக்கும் நீல அடையாளங்களைப் பார்த்தபிறகு, நான் இதை அமைதியாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் காலத்தில் பிரம்புப் பட்டை வைத்துத் தைத்த கேன்வாஸ் பேட். மழை பெய்தால் ஊறிக் கனத்துவிடும். ஆனால் அதில் பட்ட பந்து காலடியிலேயே விழும், நிதானமாக உதைத்து வெளியேற்றலாம். இன்றைய நுரைப் பேடில் பட்டால் பந்து பத்து மீட்டர் தெறிக்கும். ஆகவே தடுப்பதோடு கீப்பரின் வேலை முடிவதில்லை. தெறிக்கும் பந்து வலைக்கு முன்னால் நிற்கும் எதிரியின் மட்டைக்குப் போகாமல், ஓரத்துக்குப் போகிறமாதிரி கிக்கரின் முகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். காலோடு ஒட்டாத கிக்கரில் இதை எப்படிச் செய்வது?

அப்புறம், ஆளை மாற்றும் விஷயம்.

1975 உலகக் கிண்ணம் நம் கோலாலம்பூரில் நடந்தது. இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியை என் அப்பா நேரில் பார்த்தவர். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2-1 என்று மலேசியாவான நாம் முன்னால் இருக்கிறோம், ஆட்டம் முடியப்போகிறது. இந்தியா அஸ்லம் ஷேர் கானை உள்ளே இறக்கியது. அவர், தடுப்பவர்கள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரை அடித்துச் சமநிலை ஆக்கினார், கூடுதல் நேரத்தில் நாம் 3-2 என்று தோற்றோம். "ஆள மாத்துனா அப்படி மாத்தணும்" என்பார் அப்பா, வயிற்றெரிச்சலோடுதான். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. இந்த ஒரு வேலைக்கு இந்த ஆள் என்று தெரிந்து இறக்கினார்கள். கோபத்தில் ஒருவரை வெளியே எடுப்பதும் அதுவும் வெவ்வேறு.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தை நம்மில் யார் மறப்போம்? ஜப்பானோடு 6-6, பிறகு ஒவ்வொருவராக வந்து கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்-அவுட்டில் 3-1 என்று தங்கமும் ஒலிம்பிக் வாய்ப்பும் கைநழுவிப் போயின. 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம். இடைவேளையில் இந்தியாவை 3-1 என்று முந்தியிருந்தோம். மூன்றாவது கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் மட்டும் இரண்டு கோல் வாங்கினோம், முடிவில் 4-3. இரண்டு முறையும் மறுநாள் காலையில் எல்லார் வாயிலும் கீப்பர்தான். அவரை மாற்றியிருக்கலாம், இவரைப் போட்டிருக்கலாம் என்று. பந்து அந்த வலைக்கு வருவதற்கு முன்னால் பத்துப் பேரைத் தாண்டித்தானே வந்தது? தேசியக் குழுவின் கீப்பருக்காவது அந்தப் பேச்சைத் தாங்கும் வயது இருக்கிறது. அதே பேச்சை, அதே குரலில், திடலோரத்தில் நின்றுகொண்டு 13 வயதுப் பிள்ளையின் காதில் விழும்படி கத்துகிறோம். "கீப்பரை மாத்து!" பெற்றோர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சில பயிற்றுநர்கள் அவசரப்படுகிறார்கள்.

பயிற்றுநர்களே, ஒரு கோலுக்காகக் கீப்பரை எடுக்கும்முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு இதுவரை என்ன சொல்லிக்கொடுத்தோம்? நான் பார்த்த பயிற்சிகளில் மற்ற பிள்ளைகள் வரிசையாக வந்து அடிக்கிறார்கள், கீப்பர் நின்று வாங்குகிறாள். அடிக்கிறவர்களின் மட்டைப் பிடியைத் திருத்துகிறீர்கள், கால் வைக்கும் இடத்தைத் திருத்துகிறீர்கள். கீப்பரிடம் வரும் ஒரே வார்த்தை "பார்த்து நில்லு". பெனால்டி கார்னரில் அவளோடு நான்கு பேர் தடுக்க நிற்கிறார்கள், யார் பந்தை நோக்கி ஓடுவது, யார் கம்பத்தில் நிற்பது என்று அவள்தான் குரல் கொடுக்கவேண்டும். அதைப் பழக்கினோமா? ஷூட்-அவுட் என்றால் எதிரி 23 மீட்டர் கோட்டிலிருந்து வருகிறான், எட்டே வினாடி. எப்போது முன்னேறிப் போவது, எப்போது படுப்பது என்று ஆட்டத்தன்றைக்கா சொல்வது?

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். பல குழுக்களில் ஓடமுடியாத பிள்ளையைத்தான் வலைக்கு அனுப்புகிறார்கள். குழுவிலேயே மிகவும் சுறுசுறுப்பான கால் இருக்கிற பிள்ளையை ஒருமுறை வலையில் நிறுத்திப் பாருங்கள்.

பணம் இல்லை என்பீர்கள். தெரியும். கீப்பர் கிட் முழுசாக வாங்குவது பள்ளிக்குச் சுமைதான். அதனால்தான் எல்லாருக்கும் ஆகட்டும் என்று பெரிய அளவாகவே வாங்குகிறார்கள், கடைசியில் அது யாருக்கும் ஆவதில்லை. ஆனால் நுரைப் பேட் ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மூன்று நான்கு சேர்ந்து சிறிய அளவில் ஒன்று, நடுத்தர அளவில் ஒன்று என்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். ஒரே நாளில் ஆட்டம் வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அட்டவணை போடுகிறவர்களும் நீங்கள்தானே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் நான் பேசத் தயார். முன்னாள் மாணவர்களிடமும் கேட்கலாம். வீட்டுச் சாமான் அறையில் பழைய பேடை வைத்திருக்கும் முன்னாள் கீப்பர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறோம்.

தோற்ற அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் கையுறையின் உட்துணியைத் துவைத்து மாடியில் காயப்போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில், "வியாழக்கிழமை பயிற்சிக்குப் போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

வரும் வியாழக்கிழமையும் நான்கு மணிக்கு அவளோடு திடலில் இருப்பேன், கையில் தையல்காரர் நாடாவோடு. கணுக்காலிலிருந்து முட்டி நடு வரைக்கும் ஓர் அளவு, காலணி அளவு, தலைச்சுற்று. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் கீப்பர் பிள்ளைகளையும் அனுப்புங்கள், எழுதிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு கோல் கீப்பரின் அப்பா